அதிர்ச்சி என்பது பயமன்று

அதிர்ச்சி என்றதும் கெட்ட செய்தி கேட்டு மயங்குவதையே நாம் நினைக்கிறோம். ‘ஷாக்’ என்றால் மின்சாரம் தாக்கியது என்கிறோம். மருத்துவர் கூறும் அதிர்ச்சி வேறு. மூளை, இதயம் முதலிய உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் சென்று சேராத நிலையே அது. கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும்.

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள ஆபத்தன்று. சாலை விபத்து, தென்னையிலிருந்து விழுதல், ரப்பர்த் தோட்டத்தில் குளவி கொட்டுதல் ஆகிய எதனாலும் இது நேரலாம்.

வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. ஒரு லிட்டர் போனாலே அறிகுறிகள் தென்படும். மரத்திலிருந்து விழுந்தவருக்கு வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவரே சொன்னாலும் நம்பிவிடக் கூடாது.

அறிகுறிகள்: முகம் வெளிறுதல், தோல் சில்லிட்டு வியர்த்தல், நாடி விரைவாகவும் மெலிந்தும் துடித்தல், மூச்சு வேகமாதல், தாகம், அமைதியின்மை, பேச்சில் குழப்பம்.

செய்ய வேண்டியவை:

1. உடனே 108-ஐ அழையுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எண் ஒன்றே.

2. இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள்.

3. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை, முதுகு, இடுப்பு, கால் ஆகியவற்றில் அடி இல்லையென்றால் மட்டும் கால்களை ஓர் அடி உயர்த்தலாம். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும்.

4. போர்வையால் மூடுங்கள், சூடு வைக்க வேண்டாம்.

5. தாகம் என்று கேட்டாலும் தண்ணீர், சோடா, காப்பி எதுவும் தர வேண்டாம். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் அடைக்கும். அறுவைச் சிகிச்சைக்கும் இடையூறு.

6. நினைவிழந்து, மூச்சு மட்டும் சீராக இருந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சே நின்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

குளவி கொட்டியபின் உதடு வீங்கி மூச்சுத் திணறினால் கைவைத்தியம் செய்து காத்திராதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அது மருத்துவமனையில் கிடைக்கும்.

“போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே” எனச் சிலர் ஒதுங்குவதுண்டு. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோர்மீது வழக்கு வராதபடி 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே தயங்காமல் உதவுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.