ரப்பர் கொட்டை சொல்லித் தந்த சக்திப் பாடம்

ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துச் சூடு போடுவது ஒரு விளையாட்டு. கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். கையின் உழைப்பு அசைவாகி, அசைவு உராய்வால் வெப்பமாக மாறுவதை ஆறு வயதுப் பிள்ளை தோலிலேயே உணர்ந்தது. அந்தக் கொட்டையைத் தரும் ரப்பர் மரத்தில் முற்றிக் காய்ந்த காய் படாரென வெடித்து விதைகளைப் பல மீட்டர் தள்ளி எறியும். ஓடு காய்ந்து முறுக்கேறும்போது சேர்ந்த சக்தி நொடியில் விடுபடுவதால்தான் அந்தச் சத்தமும் வேகமும்.

தோட்டங்கள் பல இன்று குடியிருப்புத் தாமான்களாகிவிட்டன. அந்த விளையாட்டுகள் கிடைக்காத பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சக்தியை எப்படி அறிமுகப்படுத்துவது? சூரியன், மின்விளக்கு, காற்றாடி படங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்வது எளிது. ஆனால் அது போதாது.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1966இல் அமெரிக்க அறிவியல் ஆசிரியர்களிடம் பேசியபோது, முதல் வகுப்புப் பாடநூல் ஒன்றைக் கடுமையாக விமர்சித்தார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாயின் படத்தைப் போட்டு, அதை ஓடவைப்பது எது என்று அந்நூல் கேட்டிருந்தது. சக்தி என்பதே அது எதிர்பார்த்த விடை. அதில் பிள்ளை ஒரு சொல்லைக் கற்குமே தவிர அறிவியலைக் கற்காது என்றார் ஃபைன்மன். பொம்மையைப் பிரித்து உள்ளே இருக்கும் சுருள்வில்லைப் பார்க்க வைக்கலாம் என்பது அவர் யோசனை.

நம் வீட்டுப் பக்கத்துத் திடலிலேயே பிள்ளையை இப்படிப் பார்த்துக் கற்க வைக்கலாம். சறுக்குமரத்தில் ஏறி இறங்கிய பிள்ளையிடம், "ஏறும்போது கஷ்டமா இருந்துச்சா, இறங்கும்போதா?" என்று கேளுங்கள். படியேறியபோது கால்கள் செலவிட்ட சக்தி உயரத்தில் சேர்ந்திருந்து, சறுக்கும்போது வேகமாகிறது. கொஞ்சம் உராய்வில் வெப்பமாகிறது. குட்டைக் கால்சட்டை போட்ட பிள்ளைக்கு அந்தச் சூடு தொடையில் தெரியும். அடுத்து, "ஏறாமலே சறுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

பம்பரம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சாட்டையைச் சுற்றும்போது பம்பரத்துக்குச் சக்தி சேர்வதில்லை, வீசிச் சுண்டி இழுக்கும்போதுதான் போய்ச் சேர்கிறது. ரப்பர் பேண்டில் ஓடும் வண்டி இதற்கு மாறானது. அதற்கு முறுக்கும்போதே சேர்கிறது. பத்து முறுக்குக்கு எவ்வளவு தூரம், இருபதுக்கு எவ்வளவு என்று பிள்ளையே அடி வைத்து அளக்கட்டும்.

ஓடிக் களைத்த பிள்ளை, "சக்தி தீர்ந்துபோச்சு" என்று உட்காரும். உடனே திருத்த வேண்டாம். எங்கே போயிருக்கும் என்று கேட்டு, வியர்த்த நெற்றியைத் தொடச் சொல்லுங்கள். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் ஓட்டமாகவும் உடல் சூடாகவும் மாறியிருக்கிறது. இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூலும் 1840களில், விழும் எடையைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, அந்த அசைவு எவ்வளவு வெப்பமாகிறது என்றுதான் அளந்தார்.

கிள்ளான் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பக்கத்துக் காப்பாரில் இருக்கும் மின்நிலையம் முழுமையாகக் கட்டப்பட்டபோது, அதன் திறன் ஏறத்தாழ 2,400 மெகாவாட். அங்கே நிலக்கரியின் வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி விசையாழியைச் சுழற்றுகிறது. காகிதக் காற்றாடியை ஊதிச் சுழற்றிய பிள்ளைக்கு, வீட்டு விளக்கு எங்கிருந்து எரிகிறது என்பதை இதிலிருந்தே விளக்கலாம்.

கோலாலம்பூர் கேஎல்சிசியில் 1999 முதல் இயங்கும் பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையத்துக்குப் பள்ளி விடுமுறையில் அழைத்துப் போங்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே ஒரு மாலை பிள்ளையோடு திடலுக்குப் போய் அரை மணி நேரம் சேர்ந்து விளையாடுங்கள்.