ஒரே 'க'வும் நான்கு 'க'வும்

தாராவியில் முதல் தமிழ்ப் பள்ளி எழுந்தது 1924-இல். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே அகரம் பயின்றார்கள். மாதுங்காவில் குமாஸ்தாக் குடும்பங்கள் பெருகிவந்த காலத்தில், 1932-இல், தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் இன்றும் ஒரு பயிற்றுமொழி. சீருடை, பை, மதிய உணவு இலவசம். பிள்ளைகளுக்குத்தான் வேலை அதிகம். தமிழில் 'க' ஒன்று, தேவநாகரியில் நான்கு. 'கர்' என்று தமிழில் எழுதினால் மராட்டியில் அது வீடா, வரியா? (இரண்டும் கட்டுவதுதானே என்பார் குறும்பர்!) 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை மராட்டி கட்டாயம். நல்லதே, ரேஷன் ஆபீஸ் மனுவை வீட்டில் படித்துச் சொல்வது அந்தப் பிள்ளைதான்.

சிக்கல் நடுநிலை வகுப்புக்கு அப்பால். தமிழ் வழி உயர்நிலை வகுப்புகள் அரிது. 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த சிறுமி, அதையே ஆங்கிலத்திலோ இந்தியிலோ முதலிலிருந்து கற்கவேண்டும். இதற்கு அஞ்சியே பலர் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். தமிழ் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகின்றன. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் பெற்றோர் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்கவேண்டியது: "இங்கே தமிழ் எந்த வகுப்பு வரை, சார்? அதற்குப் பிறகு எங்கே?"