உலக்கை ஓய்ந்தது, சாமை பிழைத்தது!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை ஊர்கள் வரும்.

அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது; கேரளத்தார் அல்லர். தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு உண்டவர்கள். சாமையில்தான் எத்தனை வகை! மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை...

மரவள்ளி வந்தது

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரவு நின்றது. சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நாளடைவில் ஆலைகள் பெருகின. கிழங்குக்குக் கிராக்கி ஏறியது. மலைக்குச் சாலை வந்தது; லாரியும் வந்தது. கிழங்கை ஏற்றினால் கையில் ரொக்கம்! சாமை விளைந்த நிலங்கள் மரவள்ளித் தோட்டங்கள் ஆயின.

ஆனால் கிழங்கைப் பிடுங்க மண்ணைக் கிளற வேண்டும். கிளறிய சரிவு மண் மழையில் கரைந்து ஓடுகிறது.

மலைமக்களைக் குறை சொல்லலாமா? கூடாது. சாமையின் உமி கடினமானது. உரலில் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். பகலெல்லாம் காட்டு வேலை செய்த பெண்கள்தான் உலக்கையையும் பிடித்தார்கள். ரேஷன் அரிசி கிடைக்கும்போது கை காய்க்கக் குத்துவது யார்?

அறுந்த கண்ணி

விதை, வயல், ஆலை, கடை, அடுப்பு: இவை ஒரு சங்கிலி. கொல்லிமலையில் ஆலை என்ற கண்ணி இல்லை. அதனால் சங்கிலியே அறுந்தது.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே பணி தொடங்கியது. பழைய வகைகள் அழியாமல் காக்க ஊர்களில் விதை வங்கிகள் அமைந்தன. உமி நீக்கும் இயந்திரமும் மாவு அரைக்கும் இயந்திரமும் மலைக்கே வந்தன. சுய உதவிக் குழுவினர் அவற்றை நடத்தினார்கள். சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பொட்டலங்களாக மலை இறங்கின.

தானியமாக விற்பதைவிட அரிசியாக விற்றால் விலை கூடுதல். அந்தக் காசு மலையிலேயே தங்குகிறது. பெண்களின் தோளுக்கும் ஓய்வு!

மரவள்ளி மலையை விட்டுப் போய்விடவில்லை. சாமை நிலைக்க வேண்டுமானால் வாங்குவோர் வேண்டும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை கொண்டாடியது. ஒரு வருடக் கொண்டாட்டம் மட்டும் போதுமா?

கடைசிக் கண்ணி நம் வீட்டு அடுப்புதான். வாரம் ஒரு நாள் சாமைச் சோறு பொங்குங்கள். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இன்னொரு கரண்டி கேட்பார்கள்!