மின்போறணையும் உப்புக் காற்றும்

மன்னார்த் தீவின் இருபுறமும் கடல். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. சோளகமும் வாடையும் பருவந்தோறும் மாறி மாறி வீசும் இத்தீவில் காற்றுக்குக் குறைவில்லை. தென்கரையோரத்தில் 2020 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகளே அதற்குச் சான்று. ஆயினும், மின்சாரம் தரும் அக்காற்றே கடலுப்பின் நுண்துகள்களையும் சுமந்துகொண்டு வீட்டினுள் நுழைகின்றது. யன்னற் கம்பி துருப்பிடிக்கின்றது. பூட்டினுள் திறப்பு இறுகுகின்றது. செப்புப் பாத்திரத்திற் பச்சைக் களிம்பு ஏறுகின்றது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்திலும் அவ்வுப்புத் தன் வேலையைச் செய்கின்றது. அஃது அடுக்களையிலுள்ள மின்போறணையின் பின்புறம்.

நத்தார் நெருங்கும் நாட்களிற் பேசாலையிலும் தலைமன்னாரிலும் போறணைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. வீட்டுத் தேவைக்குக் கேக் செய்வோர் ஒருபுறம். அயலாரிடம் முற்பணம் பெற்றுச் செய்து கொடுத்து அவ்வருவாயாற் குடும்பச் செலவை ஈடுசெய்யும் பெண்கள் மறுபுறம். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், வெண்ணெய், முட்டை என்று எத்தனையோ பணம் ஒரு தட்டினுள் அடங்கியிருக்கின்றது. சொன்ன நேரத்தில் எடுத்துப் பார்த்தால், மேற்புறம் வெளிறி நடுப்பகுதி வேகாமற் கிடக்கின்றது. அல்லது அடி கருகிப் போகின்றது. ‘போறணை பழுது; புதிதாக ஒன்று வாங்கவேண்டும்’ என்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர். பல வேளைகளில் இம்முடிவு அவசரமானது. பிழை எந்த இடத்திற் புகுந்தது என்று அறியாமல், பொருளைக் குற்றவாளி ஆக்குவது முறையாகாது.

போறணை தன் வெம்மையை எவ்வாறு அறிகின்றது? இக்காலத்து மின்போறணைகள் பலவற்றில், பின்சுவரிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளமான உலோகக் குழாய் ஒன்று உண்டு. அதுவே வெப்ப உணரி. அதனுள்ளே சிறிதளவு பிளாற்றினம் வைக்கப்பட்டிருக்கும். வெம்மை ஏற ஏறப் பிளாற்றினத்தின் மின்தடையும் ஒழுங்காக ஏறும். பெரிதும் வழங்கும் வகையில், 0 பாகை செல்சியஸில் 1000 ஓம் இருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 1117. 100 பாகையில் 1385. 180 பாகையில் ஏறத்தாழ 1685. இத்தடையைக் கம்பிகள் வழியாக அளந்தறியும் கட்டுப்பாட்டுப் பலகை, வெப்பச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கின்றது. ஆகவே இங்கு மூவர் உளர்: சாட்சி சொல்லும் உணரி, அச்சாட்சியைக் கொண்டு செல்லும் கம்பி, தீர்ப்பு வழங்கும் பலகை. தீர்ப்புப் பிழைத்தால் மூவரையும் விசாரிக்கவேண்டும்.

விஞ்ஞான வரலாற்றிலும் இத்தகைய விசாரணையொன்று நடந்தது. பிளாற்றினத் தடையைக் கொண்டு வெம்மையை அளக்கலாம் என்று 1871 இல் வில்லியம் சீமன்ஸ் எடுத்துக்காட்டினார். ஆனால் களிமண் உருளையிற் சுற்றி இரும்புக் குழாயில் அடைத்த அவருடைய கருவி, பலமுறை சூடேறியபின் முன்னைய அளவைக் காட்டவில்லை. பிளாற்றினம் நம்பத்தகாதது என்ற எண்ணம் பரவியது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஹியூ கலெண்டர் என்பார், 1887 இல் வெளியான தம் கட்டுரையில், குற்றம் பிளாற்றினத்தினுடையதன்று என்று நிறுவினார். தூய கம்பியை, அதனை மாசுபடுத்தும் பொருள்கள் தீண்டாதவாறு அமைத்தால் அஃது உண்மையே சொல்லும் என்பது அவர் கண்ட முடிவு. சாட்சியைப் பழிக்குமுன் அதனைச் சூழ்ந்திருப்பவற்றை ஆராய்க என்பதே இதன் பாடம். மன்னார்க் கரையில் இப்பாடம் இரட்டிப்பாகப் பொருந்தும்.

உப்புக்குக் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. உணரியின் கம்பி இணையும் பொருத்தில் உப்புப் படிந்து ஈரமுற்றால், அங்குள்ள உலோகம் அரிக்கப்பட்டுக் களிம்பு பிடிக்கும். அக்களிம்பு புதியதொரு தடையாக இடையிற் புகும். 100 ஓம் இவ்வாறு கூடினால், பலகை ஏறத்தாழ 26 பாகை வெம்மையைக் கூட்டி வாசிக்கும். 180 பாகை வந்துவிட்டதென்று அது கருதும் வேளையில், உள்ளே 153 பாகையே இருக்கும். கேக் வேகாததன் காரணம் இதுவே. மாறாக, உணரியினுள் ஈரம் புகுந்தோ கம்பியின் காப்புறை கெட்டோ மின்சாரம் குறுக்கு வழியிற் கசிந்தால், தடை குறைவாகத் தோன்றும். உள்ளே இன்னும் சூடு போதாதென்று பலகை எண்ணி மேலும் சுடவைக்கும், பண்டம் கருகும். கம்பி முற்றாக அறுந்தால், பல போறணைகள் எழுத்தும் எண்ணும் கொண்ட பிழைக்குறியைக் காட்டிச் சூடேறாமல் நின்றுவிடும். ஆகவே பிழையின் போக்கே பிழையின் இடத்தைச் சுட்டுகின்றது.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவது நன்று. கதவின் விளிம்புப் பட்டி தளர்ந்திருக்கின்றதா, உணரியின் நுனி சுவரையோ தட்டையோ தொடுகின்றதா என்று முதலிற் பார்க்கவேண்டும். போறணைக்கென விற்கப்படும் வெப்பமானி ஒன்றை நடுத்தட்டில் வைத்து, 180 பாகைக்கு அமைத்து, அரைமணி நேரம் கழித்துப் பலமுறை வாசிக்கவேண்டும். சூடு ஏறியிறங்குவது இயல்பாதலால், ஒரே வாசிப்பை நம்பலாகாது. உள்வெம்மையை எண்ணிற் காட்டும் போறணையாயின் இன்னும் எளிய வழி உண்டு. இரவு முழுவதும் ஆறிய போறணை, காலையில் அறையின் வெம்மையையே காட்டவேண்டும். 30 பாகை காட்டவேண்டிய இடத்தில் 56 என்று காட்டினால், முன்சொன்ன 100 ஓம் எங்கோ ஒளிந்திருக்கின்றது.

அடுத்த படிக்குப் பல்மானி வேண்டும். அதற்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆளியை மூடுவது மட்டும் போதாது. நுண்ணலை அடுப்பும் சேர்ந்த போறணையாயின், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கக்கூடும். அதன் உறையை வீட்டார் திறக்கவே கூடாது, கைதேர்ந்தவரிடமே விடவேண்டும்.

ஏனைய போறணையில், உணரியின் பொருத்தைப் பிரித்து, உணரிப் பக்கத்தில் தடையை அளக்கவேண்டும். பின் பொருத்தை மீண்டும் இணைத்து, கம்பியின் மறுமுனையைப் பலகையிலிருந்து கழற்றி அங்கும் அளக்கவேண்டும். உணரியில் 1117, மறுமுனையில் 1217 என்றால், உணரி குற்றமற்றது; இடைவழியே குற்றமுடையது. உணரியின் கம்பிக்கும் உலோக உறைக்குமிடையே மின்தொடர்பு சிறிதும் இருத்தலாகாது. இருப்பின் காப்பு கெட்டுவிட்டது என்பது பொருள்.

உணரியையே ஐயுறுவோர்க்கு, மீன்பிடிக் கரையில் எளிதாகக் கிடைக்கும் பனிக்கட்டி உதவும். நன்னீர்ப் பனிக்கட்டியை நொறுக்கிச் சிறிது நன்னீர் விட்டு, உணரியின் உலோக நுனியை மட்டும் அதில் அமிழ்த்தினால் 1000 ஓம் காட்டவேண்டும். உப்பு நீர் கலந்தால் வெம்மை 0 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். ஆதலாற் கடல்நீர் ஆகாது. கொதிநீரில் 1385 காட்டவேண்டும். கடல்மட்டத்தோடொத்த தீவாதலால், நீர் ஏறத்தாழ 100 பாகையிலேயே கொதிக்கும். இரண்டு சோதனையிலும் தேறிய உணரியை மாற்றுவது வீண்செலவு.

இவ்வெண்கள் எல்லாப் போறணைகளுக்கும் பொருந்தா. சிலவற்றிற் சூடேறத் தடை குறையும் உணரி உண்டு. அங்கே பிழையின் போக்கும் தலைகீழாகும். குமிழைத் திருகும் எளிய போறணைகளில், திரவம் நிறைந்த நுண்குழாயே வேலை செய்யும். அத்திரவம் கசிந்தால் சூடு நிற்காமல் ஏறக்கூடும். அத்தகைய போறணையை உடனே நிறுத்தவேண்டும். ஆதலாற் கைந்நூலைப் பார்த்து, வகையை அறிந்த பின்னரே அளக்கத் தொடங்குதல் வேண்டும்.

குற்றம் பொருத்தில் என்று தெளிந்தால், அரித்த முனைகளை வெட்டியெறிந்து, வெம்மை தாங்கும் பீங்கான் பொருத்தினால் இணைக்கலாம். சாதாரண ஒட்டுநாடா அங்கே உருகிவிடும். பின்னர் வெப்பமானியை வைத்து மீண்டும் ஒருமுறை சோதித்தபின்பே மாவை உள்ளே வைக்கவேண்டும்.

உப்புக் காற்றைத் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் நத்தாருக்கு ஒரு மாதம் முன்னரே அரைமணி நேரம் ஒதுக்கிப் போறணையைச் சோதிப்பது எல்லார்க்கும் இயலும். அச்சிறு விழிப்பு, முற்பணம் வாங்கிய ஒரு தாயின் உழைப்பையும் சொல்லையும் காப்பாற்றும்.