ஊருக்கே பாடிய குழாய்

அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, முந்தின நாளே மைக் செட்டுக்காரர் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால்தான் அது விசேஷ வீடு. விடியுமுன் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊரையும் எழுப்பிவிடும்.

இத்தனைக்கும் குழாயின் பின்னால் திருகியிருக்கும் ‘யூனிட்’ தேங்காய் மூடி அளவுதான். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. பாட்டு மின்சாரமாக வரும்போது இரண்டும் சேர்ந்து அதிரும். வெட்டவெளியில் அவ்வளவு சின்னச் சவ்வுக்குக் காற்று பிடி கொடுக்காது, விலகிப் போய்விடும். குறுகிய கழுத்துக்குள் அடைத்தால் அழுத்தம் ஏறுகிறது. குழாய் மெல்ல மெல்ல விரிவதால் அந்த அழுத்தம் வீணாகாமல் வெளிக்காற்றுக்குக் கைமாறுகிறது. சாதாரண ஒலிபெருக்கி வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக்கும். குழாய் பத்துப் பங்குக்கு மேல் ஆக்கும். கரண்ட் வராத ஊர்களில் கார் பேட்டரியை வைத்தே திருவிழாவை ஒப்பேற்றியது இதனால்தான்.

காவிரிக் கரைக்கு இந்த வித்தை புதிதல்ல. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்தின் உலவு என்ற குழலும் மேலே குறுகிக் கீழே விரிந்ததுதான். அடியில் அணசு என்ற விரிந்த வாய் வேறு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகஸ்வரத்தில் மணிக்கணக்கில் வாசித்த தோடி ராகத்தை 78 சுழற்சி அரக்குத் தட்டு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடமாகச் சுருக்கியது. சுருங்கினாலும், அந்தத் தட்டு குழாயில் ஒலித்தபோது கோயில் வீதியுலாவுக்கு வர முடியாதவர்களிடமும் தோடி போய்ச் சேர்ந்தது.

குழாய் தூரத்தைக் கொடுத்தது, பாட்டின் அடித்தளமான கனத்த ஒலியைப் பறித்தது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். இரண்டடி வாய்க்குள் அது எங்கே அடங்கும்? தவிலின் கணீர் முகமான வலந்தலை பறந்து வரும். கனத்த முகமான தொப்பி மரத்தடியிலேயே தங்கிவிடும். பின்னிரவில் சத்தம் இன்னும் தூரம் போகும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று வெதுவெதுப்பாக இருந்தால், மேலேறும் ஒலி வளைந்து வயலுக்கே இறங்கும். குறுக்கே மேடு இல்லாத நஞ்சைக்கு இது கூடுதல் வசதி. தூக்கம் கெட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

கேசட் வந்தது, போனது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கியைக் கட்டிப்போட்டன. பாட்டு இப்போது செல்போன் வழியே அவரவர் காதுக்குள் போய்விட்டது. விசேஷ வீட்டுக்கு ஆளுயரப் பெட்டிகள் வருகின்றன. தொப்பி முழுசாகக் கேட்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. குழாய் ஆட்டோ கூரைக்கு மாறி உப்பு விற்கிறது, ஓட்டுக் கேட்கிறது. பேச்சு புரிவதற்கு அடித்தளம் அவ்வளவாக வேண்டியதில்லை. அந்த வேலையில் குழாயை மிஞ்ச இன்னும் ஆளில்லை.