கண்ணாடி வாங்குமுன் விளக்கைப் பாருங்கள்

துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம், மூலக்கொத்தளம் பகுதிகளில் நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து பில் போடும் பிள்ளைகள் பலர். மாலையானால் தலைவலி, கண் எரிச்சல். உடனே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பணம் செலவழிக்கிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது, "டியூப்லைட் எங்கே இருக்கிறது?" என்றுதான்.

திரையை அணைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கறுத்த திரையில் டியூப்லைட்டோ ஜன்னலோ பளிச்சென்று தெரிந்தால், கண்ணை வருத்துவது பெரும்பாலும் அந்தப் பிம்பமே. மேஜையைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும். அலுவலகத்துக்கு 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் போதும். கூடுதல் விளக்கு (முதலாளிகளுக்கு அதில்தான் பெருமை!) கண் கூச்சத்தையே கூட்டும். திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் வறள்வதும் உண்டு.

பிறகும் தொல்லை நீடித்தால், 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.