புதுவையிலிருந்து உலக வரலாறு

உலக வரலாறு என்றவுடன் மாணவர் பலருக்கு நினைவில் எழுவது, மனப்பாடம் செய்யவேண்டிய ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் அடங்கிய நீண்ட பட்டியலே. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1740 முதல் 1748 வரை நடந்தது என எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். வியன்னாவின் அரியணைக்கு உரியவர் யார் என்ற சிக்கலுக்காகச் சென்னைக் கோட்டையின்மீது பீரங்கிக் குண்டுகள் ஏன் விழுந்தன என்று கேட்டால், அப்பட்டியலில் விடை இராது. இத்தகைய வினாவிலிருந்து பாடத்தைத் தொடங்குவதற்குப் புதுச்சேரி மிகப் பொருத்தமான ஊர்.

இவ்வூரில் வாழ்ந்த ஆனந்தரங்கர் (1709–1761) வணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாகவும் விளங்கியவர். 1736 செப்டம்பரில் தொடங்கித் தம் இறுதிக்காலம்வரை, கப்பல்களின் வரவு, சரக்கு விலை, போர்ச் செய்தி, அதிகாரிகளின் பூசல் எனக் கண்டதையும் கேட்டதையும் அக்காலப் பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார். ஐரோப்பியப் போர்களின் எதிரொலியைத் தமிழர் ஒருவர் தமிழில் பதிந்துவைத்த அரிய சான்று இந்நாட்குறிப்பு. ஆசிரியர் இதனைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆயினும் ஓரிரு பக்கங்களை மாணவர் கையில் கொடுத்து, அவர்களையே வினவச் செய்வதுதான் பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, லா பூர்தொனேயின் படையிடம் சென்னை சரணடைந்த நாளைக் கொள்வோம். ஆங்கிலேயர் ஆவணங்கள் அதனை 1746 செப்டம்பர் 10 என்கின்றன. பிரெஞ்சு ஆவணங்கள் செப்டம்பர் 21 என்கின்றன. எது பிழை என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். உண்மையில் இரண்டும் சரியே. பிரான்சு கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பிரிட்டனோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிடவில்லை. இரண்டுக்கும் இடையே அப்போது 11 நாள் வேறுபாடு இருந்தது. தமிழ்க் கணக்கிலோ அது அட்சய ஆண்டின் புரட்டாசி மாதம். ஒரே நாளுக்கு மூன்று கணக்குகள் உண்டு எனக் கண்டறிந்த மாணவர், பிறகு எந்த ஆண்டுக்குறிப்பையும் ‘இதை எழுதியவர் யார்?’ என்று கேளாமல் ஏற்கமாட்டார்.

அடுத்து, உலகப் படத்தை விரிக்கலாம். 1748 அக்டோபரில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் தோல்வியுற்றுத் திரும்பினார். அதே அக்டோபரில் ஐரோப்பாவின் ஆய்-லா-சப்பேல் நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்வழிச் செய்தி வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். அந்த உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. ஈடாக, வட அமெரிக்காவில், இன்றைய கனடாவிலுள்ள லூயிபூர்க் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. சென்னையையும் லூயிபூர்க்கையும் படத்தில் ஒரு நூலால் இணைத்துப் பார்த்தால், அந்தப் பேரத்தின் வீச்சு கண்முன் தெரியும். தம் கோட்டை கைமாறுவதைப் பற்றி இரண்டு ஊர் மக்களிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

நகரின் தெருக்களும் பாடநூலே. சுய்ஃப்ரேன் வீதியின் பெயர்ப்பலகையில் நிற்கும் கடற்படைத் தளபதி, 1782–83இல் சோழமண்டலக் கடலில் ஆங்கிலேயருடன் போரிட்டவர். அப்போர் அமெரிக்க விடுதலைப் போரின் ஒரு கிளை.

நாட்குறிப்பை அப்படியே வேதமாகக் கொள்ளவும் கூடாது. ஆனந்தரங்கர் துய்ப்ளேயைப் போற்றுகிறார். துய்ப்ளேயின் மனைவியைக் கடுமையாகச் சாடுகிறார். அச்சாடலுக்குத் தனிப்பட்ட பகை காரணமா, ஆட்சியில் ஒரு பெண் தலையிடுவதை ஏற்காத மனப்பாங்கு காரணமா, அவர் சொல்வது உள்ளவாறே உண்மையா என்பதை மாணவர் வேறு சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயவேண்டும். எழுதியவர் செல்வர், அதிகாரத்துக்கு அருகில் இருந்தவர். தறியில் அமர்ந்தவரும் சரக்கைப் படகில் ஏற்றியவரும் உலகை எவ்வாறு கண்டனர் என்பதை அவருடைய எழுத்தைக்கொண்டு மட்டும் அறிய இயலாது.

ஆட்சியாளரின் போர்களோடு நின்றுவிட்டால், உலக வரலாறு ஐரோப்பிய வரலாற்றின் பிற்சேர்க்கையாகிவிடும். அதற்கு மாற்றாகத் துணி ஒன்றின் வழியைப் பின்தொடரலாம். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி பிரான்சின் துறைமுகங்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கு அது உடுக்கும் ஆடையாக மட்டுமன்றிப் பணம்போலவும் வழங்கியது. அதைக் கொடுத்து வணிகர்கள் கருவேல இனப் பிசினைப் பெற்றனர். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சிடும் தொழிலுக்குப் போயிற்று. மூன்று கண்டங்களின் உழைப்பு ஒரு முழத் துணியில் இணைந்திருந்தது. துணியை வாங்கிய செனகல் வணிகரும் அதற்குச் சாயமேற்றிய புதுவைத் தொழிலாளியும் சந்தித்திருந்தால் எவற்றைப் பேசியிருப்பர் என்று ஓர் உரையாடல் எழுதச் சொல்லலாம். அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் சான்று எது என்று விளிம்பில் குறிக்கச் செய்யவேண்டும். சான்று கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடலாம்.